பேக் கவர் திறவா வள்ளல்கள்

தொண்டை மண்டலத்தில், சென்னையின் மேற்கு வாசலில், அம்பத்தூர் ஓ.டி. முதல் ஆவடி செக்போஸ்ட் வரையிலும், அங்கிருந்து தெற்கே பூந்தமல்லி டிரங்க் ரோடு வரையிலும் செங்கோல் செலுத்தும் பழைய சொகுசு வாட்ச் வணிகப் பெருந்தகைகளே! உங்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது அடியேனின் நெடுநாள் ஆசை. போர்த்தத் தோள் கிடைக்காததுதான் தடை. பெயர்ப்பலகை மாட்டும் அகந்தை உங்களுக்கு இல்லை. பலகை மாட்டுவதற்கு ஒரு கடையும் இல்லை. டீக்கடை வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டே உங்கள் அரியணை, அதன் அடியிலுள்ள பெட்டியே கருவூலம். பில் என்னும் அற்பக் காகிதத்தால் வாங்குபவரின் சட்டைப்பையைக் கனக்கச் செய்யாத கருணையைச் சொல்வதா? பணம் கைமாறிய மறுநாளே உங்கள் தொலைபேசி எண் தொடர்பு எல்லைக்கு அப்பால் போய்த் தவமிருக்கும் துறவைச் சொல்வதா?

இவையெல்லாம் சில்லறைப் பெருமைகள். உங்கள் புகழின் கொடுமுடி மூன்றே சொற்களில் இருக்கிறது. “மிஷின் ஒரிஜினல் சார்.” சுவிட்சர்லாந்து நாட்டில் ஒரு மிஷினை அது இன்னதென்று உறுதிசெய்ய மனிதர்கள் படாத பாடு படுகிறார்கள். காலிபர் எண்ணைப் பொறிக்கிறார்கள், வரிசை எண்ணை வெட்டுகிறார்கள், பதினைந்து நாள் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். நீங்களோ மூடிய வாட்சைப் பார்த்த மாத்திரத்தில், மூடிய நிலையிலேயே, உள்ளிருப்பதைச் சொல்லிவிடுகிறீர்கள். எஃகைத் துளைத்துப் பார்க்கும் இந்த ஞானதிருஷ்டிக்கு எந்த நாட்டுச் சோதனைச்சாலை ஈடாகும்?

அந்த ஞானத்தை வணங்கும் பேறு பெற்ற மக்களையும் பார்க்க வேண்டும். 1964-இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத்தும் மில்லிங்கும் சி.என்.சி.யும் மூச்சுவிடும் மண். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்துப் பிடித்து விரல் காய்த்தவர்கள் இங்கே தெருவுக்குப் பத்துப் பேர். பத்து மைக்ரான் கூடினால் “பீஸ் ரிஜெக்ட்” என்று தூக்கிப் போடுகிற குவாலிட்டி இன்ஸ்பெக்டர்கள். பக்கத்திலேயே ஆவடி, 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்த ஊர், விஜயந்தா முதல் அர்ஜுன் வரை பீரங்கி வண்டிகளை உருட்டிவிட்ட ஊர். போல்ட் முறுக்கிய அளவைக்கூட டார்க் ரெஞ்சில் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள், பணி ஓய்வில் கைக்கு வந்த பணத்தில் ஆயுளுக்கு ஒரு நல்ல வாட்ச் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டு உங்களிடம் வருகிறார்கள். முப்பத்தைந்து ஆண்டு திறந்து பார்த்தே பழகிய அந்தக் கைகள், உங்கள் மூன்று சொற்கள் காதில் விழுந்ததும் தாமாகக் கூப்பிக்கொள்கின்றன. இரண்டு லட்சம் ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, மூடியைத் திறக்கச் சொல்வது மரியாதையில்லை என்று வாளாவிருக்கின்றன. ஒரு வட்டாரத்தின் தொழிற்பண்பாட்டையே ஒரு நொடியில் மறக்கடிக்கும் இந்த மந்திரத்தை ஐ.டி.ஐ.யில் சொல்லிக் கொடுக்காதது நம் கல்வித்துறையின் குறை.

எப்போதாவது ஒரு பண்பற்றவன், “பேக் கவரைக் கொஞ்சம் தொறந்து காட்டுங்களேன்” என்று கேட்டுவிடுவான். அப்போது உங்கள் திருமுகத்தில் படரும் வேதனை! “தொறந்தா வாட்டர் ப்ரூஃப் போயிடும் சார்.” ஆகா, என்ன தாய்மை! மூடியின் விளிம்பில் இருப்பது ஒரு ரப்பர் வளையம். சர்வீசுக்குப் போகும்போது பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுவார்கள். பிறகு அழுத்தச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். மூடியைத் திறந்து மூட அதற்கான சாவியும் ஐந்து நிமிடமும் போதும். இந்த உலகியல் விவரமெல்லாம் உங்கள் பாசத்தின் முன் நிற்குமா? வாங்குபவர் கொரட்டூர் ஏரியில் கூட இறங்கப் போவதில்லை. ஆனாலும் 300 மீட்டர் ஆழத்தில் அவருக்கு ஒரு சொட்டு நீரால் இன்னல் வந்துவிடக் கூடாதே என்று பதறும் உள்ளம் யாருக்கு வாய்க்கும்!

உங்களில் சிலர் இந்தத் திரையையும் விலக்கிய உத்தமர்கள். ஒளிவுமறைவு வேண்டாம் என்று, பின்புறம் முழுக்கக் கண்ணாடி வைத்த ரோலெக்ஸ் சப்மரைனரை நீட்டுவார்கள். உள்ளே மிஷின் ஆடுவதை யாரும் காணலாம். ரோலெக்ஸ் நிறுவனம் தன் சப்மரைனருக்குக் கண்ணாடி முதுகு வைத்ததே இல்லை. உலோக மூடிதான், அதிலும் பெரும்பாலும் எழுத்தே இராது. ஜெனீவாக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்யத் துணியாத வெளிப்படைத்தன்மையைப் பூந்தமல்லியில் செய்து காட்டியவர்கள் நீங்கள்.

உள்ளே வீற்றிருக்கும் மிஷினின் மாண்பைச் சொல்லத் தொடங்கினால் நாக்கு தழுதழுக்கிறது. 1988-இல் வந்து ஏறத்தாழ முப்பதாண்டு சப்மரைனரையும் டேட்ஜஸ்டையும் தாங்கிய ரோலெக்ஸ் 3135 என்னும் மிஷினில் ஆடம்பரம் அதிகம். பேலன்ஸ் வீலைத் தாங்கும் பாலம் இரு கரையிலும் ஊன்றி நிற்கும். வேகத்தைத் திருத்த நெம்புகோல் கிடையாது. சக்கரத்தின் உள்விளிம்பில் உள்ள நுண்ணிய மரைகளைத் திருக வேண்டும். 31 கல், எண்ணும் மிஷின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வளவு செலவு எதற்கு என்று எளிமையின் திருவுருவான நீங்கள் எண்ணினீர்கள். குவாங்சோவில் கிடைக்கும் டி.ஜி. 2813 இருக்கிறது, ஒரு குடும்பம் ஒருவேளை பிரியாணி சாப்பிடும் காசுக்கு வரும். பேலன்சை ஒற்றைக் கையால் தாங்கும், கூட்டல் கழித்தல் குறி போட்ட சிறு நெம்புகோலைத் தள்ளினால் வேகம் கூடும் குறையும். இதையே உள்ளே குடியேற்றி, வெளியே கிரீடம் சூட்டிவிடுகிறீர்கள். ஏழையை அரண்மனையில் குடிவைத்த பெருங்கருணை இது. சமதர்மத் தீர்மானம் போட்ட 1955 காங்கிரஸ் மாநாடு நடந்த அதே ஆவடியில் அந்தத் தீர்மானம் இன்னமும் நிறைவேறிக்கொண்டிருக்கிறது என்று நெஞ்சம் விம்முகிறது. மேலும் உயர்ந்த நிலையை எட்டியவர்கள் இரு கரைப் பாலத்தையும், 3135-இன் செந்நீலச் சக்கரங்களின் சாயத்தையும்கூட நகலெடுத்த மிஷினை வாங்கிப் பூட்டுகிறார்கள். பேக் கவரைத் திறந்து பார்க்கும் அநாகரிகனும் ஏமாறக் கூடாது என்று, மன்னிக்கவும், மகிழ வேண்டும் என்று எடுக்கும் சிரத்தை அது.

மூடியைத் திறக்காமலே உள்ளிருப்பதை ஒற்றறியத் துடிக்கும் சில குதர்க்கவாதிகளைப் பற்றியும் உங்களை எச்சரிப்பது என் கடமை. இவர்கள் செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்து நொடி முள்ளைப் படமெடுத்து, ஒரு நொடிக்கு எத்தனை அசைவு என்று எண்ணுவார்கள். மணிக்கு 28,800 அதிர்வு என்றால் நொடிக்கு எட்டு. 21,600 என்றால் ஆறு. எட்டு வர வேண்டிய இடத்தில் ஆறு வந்தால் கூச்சலிடுவார்கள். நொடிக்கு இரண்டு அசைவு மிச்சப்படுத்தி வாட்சின் ஆயுளை நீட்டித் தந்த உங்கள் முன்யோசனை இவர்களுக்கு எங்கே விளங்கப் போகிறது?

முள் நொடிக்கு ஒரே ஒரு முறை டக்கென்று குதித்தாலோ, உள்ளே செல் போட்ட குவார்ட்ஸ் என்று வாய்கூசாமல் சொல்வார்கள். அப்போது நீங்கள் அருளும் விளக்கம் சரித்திரத்தில் பொறிக்கத்தக்கது. “இது ரேர் பீஸ் சார். ரோலெக்ஸே குவார்ட்ஸ் போட்ட மாடல்.” உண்மைதான்! 1977 முதல் 2001 வரை ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்று ரோலெக்ஸ் செய்தது. கூரிய கோணங்கள் கொண்ட உடலமைப்போடு டேட்ஜஸ்டாகவும் டே-டேட்டாகவும் மட்டுமே செய்தது, சப்மரைனராக ஒருபோதும் செய்யவில்லை என்பது சரித்திரத்தின் கஞ்சத்தனம். அந்தக் குறையை அம்பத்தூரில் நீங்கள் நிவர்த்தி செய்தீர்கள்.

இன்னொரு கூட்டம் சாவியைத் திருகிப் பார்க்கும். ரோலெக்ஸ் ஜி.எம்.டி. மாஸ்டர் 2-இல் சாவியை ஒரு படி இழுத்துத் திருகினால் மணி முள் தனியாக ஒவ்வொரு மணியாகத் தாண்டும். 24 மணி முள் அசையாது நிற்கும். ஈடிஏ என்னும் சுவிஸ் நிறுவனத்தின் 2893-2 மிஷினையும் அதன் நகல்களையும் பூட்டிய வாட்சில் எல்லாம் தலைகீழ். 24 மணி முள் தனியாக நகரும், மணி முள் கல்லாகச் சமைந்துவிடும். விமானத்தில் பறப்பவருக்கு முதல் வகை உதவும், வீட்டில் உட்கார்ந்து துபாய் மச்சானுக்கு போன் செய்பவருக்கு இரண்டாவது வகையே போதும். வாங்குபவர் எந்த வகை மனிதர் என்று முகத்தைப் பார்த்தே கணித்து மிஷினை மாற்றி வைத்த உங்கள் உளவியல் நுட்பத்தைக் குதர்க்கவாதி ‘டூப்ளிகேட்’ என்கிறான். ரோலெக்ஸ் டேடோனாவில் மூன்று சிறு வட்டங்கள் மூன்று, ஆறு, ஒன்பது மணிப் பக்கம் இருக்க வேண்டும், அவை ஓடவும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பான். ஒரு வட்டத்தில் கிழமையும் இன்னொன்றில் தேதியும் காட்டி, நாள்காட்டிச் செலவையும் மிச்சப்படுத்திய தயாளத்தைக் கண்டுகொள்ள மாட்டான்.

பொய்யான பொருளை விற்பது எவருக்கும் கைவரும். மெய்யான பொருளையே பொய்யாக விற்கும் வித்தைக்குத்தான் நான் தலைவணங்குகிறேன். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என்றால் நிலவுக்குப் போன வாட்ச், கையால் சாவி கொடுக்கும் வாட்ச். 1980-களின் பிற்பகுதியில் அதே பெயரில் ‘ரெட்யூஸ்டு’ என்று சற்றே சிறிய ஆட்டோமேடிக் ஒன்றும் வந்தது. ஈடிஏ மிஷின் அடியில், அதன் மேல் துபுவா-தெப்ராஸ் செய்த குரோனோகிராப் அடுக்கு. அது நல்ல வாட்ச்தான், நிலவு வாட்ச் மட்டும் இல்லை. அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பார்த்தால் சாவி ஒரு மட்டத்திலும் பித்தான்கள் வேறு மட்டத்திலும் நிற்கும். இரண்டு அடுக்கு என்று அதுவே வாய்விட்டுச் சொல்லும். நீங்கள் அதைப் பக்கவாட்டில் படுக்க வைப்பதே இல்லை. எப்போதும் முகத்தை முன்னிறுத்தி, “ஆர்ம்ஸ்ட்ராங் கட்டுனது சார்” என்று அறிமுகம் செய்கிறீர்கள். அந்த வாட்ச் பிறந்தபோது ஆர்ம்ஸ்ட்ராங் நிலவிலிருந்து திரும்பி ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகியிருந்தது என்பது காலத்தின் குற்றமே ஒழிய உங்கள் குற்றமல்ல.

எளியோரையும் நீங்கள் கைவிட்டதில்லை. லட்சத்துக்கு வழியில்லாதவர் ஏக்கத்தோடு வந்தால் எச்.எம்.டி. பைலட்டை எடுத்து நீட்டுகிறீர்கள். 1961-இல் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கி, தேசத்தின் மணிக்கட்டையெல்லாம் அளந்து, 2016-இல் கதவடைக்கும் முடிவைச் சந்தித்த அந்தப் பொதுத்துறைப் பெருமாட்டியின் முகம் பழசாகிவிட்டதே என்று மனம் பொறுக்காமல், கிளிப்பச்சையும் ஆரஞ்சுமாக டயலுக்குப் புதுச்சாயம் பூசி வரவழைக்கிறீர்கள். சேகரிப்பவர்கள் இதை ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பட்டம் சூட்டி ஒதுக்குகிறார்கள். உள்ளே ஒரு வாட்சின் மிஷின், இன்னொன்றின் கேஸ், மூன்றாவதின் முள். மூன்று குடும்பத்தை ஒரு கூரையின்கீழ் சேர்த்துவைத்த கூட்டுக்குடும்பப் பற்றைப் போற்ற அவர்களுக்கு மனமில்லை. உலகம் உங்கள் பின்னால்தான் வருகிறது என்பதற்குச் சான்று வேண்டுமா? 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் 1957-ஆம் ஆண்டின் ஸ்பீட்மாஸ்டர் என்று ஒன்று முப்பது லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-இல், அது பல இடத்து உதிரிகளைச் சேர்த்துப் பூட்டியது, தன் முன்னாள் ஊழியர்களுக்கே இதில் பங்கு உண்டு என்று அந்த நிறுவனமே அறிவித்தது. பெற்ற தாயே பிள்ளையை அடையாளம் காணத் தவறும்படி செய்த அந்த வித்தகர்கள் உங்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அவர்கள் எட்டிய தொகையை நீங்கள் எட்டாததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. நம் பக்கத்து ஏலத்தில் ஷாம்பெயின் ஊற்றுவதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வாட்சுகளின் பளபளப்பைப் பாடாமல் இந்தப் பாராட்டுரை நிறைவுறாது. எத்தனை கைமாறி வந்தாலும் கீறல் ஒன்று இல்லை. பஃபிங் சக்கரத்தில் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் கூரிய விளிம்புகள் உருண்டு, பட்டை பூட்டும் காதுகள் மெலிந்து, குழந்தையின் கன்னம்போல் வழுவழுத்துக் கிடக்கின்றன. பெல்வெட் தலையணையில் சாய்ந்து, பிளாஸ்டிக் உறை போர்த்திக் கிடக்கும் அந்த வரிசையை முதன்முதலில் கண்டபோது ஔவைப் பாட்டியின் நினைவு வந்தது. அதியமானின் தூதாக வந்தவருக்கு இதே தொண்டை மண்டலத்து அரசன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்ட, ஆயுதங்களின் மினுமினுப்பையும் அலங்காரத்தையும் வாயாரப் புகழ்ந்தார் பாட்டி. அதியமானின் வேல்கள் கொல்லன் பட்டறையில் நுனி முறிந்து கிடக்கின்றனவே என்று வருந்தவும் செய்தார். தொண்டைமான் எவ்வளவு பூரித்துப் போயிருப்பான்! அந்தப் பூரிப்பு உங்களுக்கும் வரவேண்டும் என்பதற்காகவே நானும் இவ்வளவு சொல்கிறேன்.

கொல்லன் பட்டறை என்றதும் உங்கள் பரம விரோதி நினைவுக்கு வருகிறான். மார்க்கெட் ஓரத்தில், நாலடிக் கண்ணாடிக் கூண்டுக்குள், கண்ணில் லூப் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரர். இந்த மனிதருக்கு நாகரிகமே தெரியாது. வாட்சைக் கொடுத்தால் டயலைப் பார்ப்பதற்கு முன் திருப்பிப் போடுகிறார். “எவ்ளோ குடுத்து வாங்குனீங்கண்ணே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூடியைத் திருகுகிறார். நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு, இரண்டு லட்சத்தின் பெருமையைக் குலைக்கும் இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? மிஷின் மீது நிறுவனத்தின் முத்திரையும் எண்ணும் இருக்கிறதா என்று தேடுகிறார். ஒன்றுமில்லாவிட்டால் நாவை ஒருமுறை ‘ச்சு’க் கொட்டிவிட்டு, மறுபடி பத்திரமாக மூடித் துடைத்துக் கொடுக்கிறார். சிலரிடம் டைம்கிராபர் என்னும் வேவுப்பெட்டி வேறு வந்துவிட்டது. வாட்சை அதன் தாடையில் வைத்தால் டிக் டிக் சத்தத்தை ஒட்டுக்கேட்டு, அதிர்வு எண்ணையும் ஒரு நாளைக்கு எத்தனை நொடி முந்துகிறது பிந்துகிறது என்பதையும் திரையில் எழுதிக்காட்டும். மூடி திறக்காமலே மூடி திறந்த அவமானம். உங்கள் அந்தரங்க உரிமை மீது நடக்கும் இந்த அத்துமீறலைக் கண்டித்து டிரங்க் ரோட்டில் ஒரு கண்டன ஆர்ப்பாட்டமாவது வேண்டாமா?

அரசோ உங்களிடம் வேறு விதமாக அன்பு பாராட்டுகிறது. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம், போலிக் குறியிட்ட பொருளை விற்கும் கலைஞர்களுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை இலவச உண்டு உறைவிடமும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அரசுக்கு நன்கொடை அளிக்கும் வாய்ப்பும் வழங்குகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு இன்னும் தாராளம். 7 ஆண்டு வரை உபசரிக்கும். முற்காலத்தில் அம்பத்தூர் நாடு புழற் கோட்டத்தில் அடங்கியிருந்தது என்பர். அந்தப் பழைய உறவைப் புதுப்பிக்கவோ என்னவோ, கூப்பிடு தூரத்தில் புழலிலேயே விசாலமான மாளிகை எழுப்பி வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவர் உங்களில் அரிது. காரணம் அரசின் அசட்டை மட்டுமல்ல, உங்கள் வாடிக்கையாளர்களின் உயர்குணம்.

ஏமாந்தவன் என்று ஊர் சொல்லுமே என்ற கூச்சத்தில் காவல் நிலையப் படி ஏறாத பெருந்தன்மையாளர்கள் அவர்கள். அவர்களுடைய மேன்மையை எப்படி அளப்பது! ரிப்பேர்க்காரர் ‘ச்சு’க் கொட்டிய அன்று இரவு தூக்கம் வராமல் புரள்வார்கள். வீட்டுக்காரம்மாவிடம், “சர்வீஸ் பண்ணணுமாம், வேற ஒண்ணுமில்ல” என்பார்கள். ஒரு வாரம் அலமாரியில் பூட்டி வைப்பார்கள். பிறகு மெல்ல அதை எடுத்து, துணியால் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் நாலு கோணத்தில் படம் பிடிப்பார்கள். கொரட்டூரிலிருந்தோ பட்டாபிராமிலிருந்தோ ஓர் இளைஞன் போன் செய்வான், ஐ.டி. கம்பெனியில் முதல் போனஸ் வாங்கியவன். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு டீக்கடைக்கு வரச் சொல்வார்கள்.

“அண்ணே, பின்னாடி தொறந்து பாக்கலாமா?” என்பான் பையன்.

தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு பீஸ் ரிஜெக்ட் செய்த அந்தக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், உங்கள் முகத்தில் கண்ட அதே வேதனையைத் தம் முகத்தில் வரவழைத்துக்கொண்டு சொல்கிறார்: “தொறந்தா வாட்டர் ப்ரூஃப் போயிடும் தம்பி.”